செம்பூர், காட்கோபர் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு: ‘பெரிய ஆள் உள்ளே வந்துட்டார்’ என்று பங்கு விற்கிற குழு

மும்பையில் இருக்கிற நம் ஆட்கள் இன்னும் யாரும் இதில் மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எனக்குப் போனது 1,80,000 ரூபாய், அந்தக் குழுவில் சேரக் கட்டிய 15,000 தனி.

எங்கள் செம்பூர் பில்டிங்கில் இருக்கும் அண்ணாச்சி ஒருவர், காட்கோபரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் நடக்கிறது, வா தம்பி என்று கூட்டிப்போனார். பேசியவரும் திருநெல்வேலிக்காரர், அந்தப் பேச்சிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. சின்ன கம்பெனி, சொத்து நிறைய, நிர்வாகம் மந்தம், பங்கு அடிமாட்டு விலையில் கிடக்கும். அங்கே ஒரு ஆக்டிவிஸ்ட் முதலீட்டாளர் புகுந்து சும்மா கிடக்கும் நிலத்தை விற்கச் சொல்வார், டிவிடெண்ட் (லாபத்தில் பங்கு) கேட்பார், இயக்குநர்களை மாற்றுவார், விலை ஏறும், நாம் அவர் பின்னாலேயே போனால் போதும் என்றார். 2021 செப்டம்பரில் ஜீ டிவி நடத்தும் ஜீ என்டர்டெயின்மென்ட்டிலிருந்து அதன் தலைமை அதிகாரி புனித் கோயங்காவை நீக்கச் சொல்லி, அதில் பங்கு வைத்திருந்த இன்வெஸ்கோ என்ற முதலீட்டு நிறுவனம் பொதுக்குழுவை (பங்குதாரர் கூட்டத்தை) கூட்டச் சொன்னதை உதாரணம் காட்டினார். அது நிஜமாகவே நடந்தது, பங்கும் அப்போது கிடுகிடுவென்று ஏறியது. அதனால் மற்றதையும் நம்பிவிட்டேன்.

அப்புறம் டெலிகிராம் குழு. ஒரு குட்டி கம்பெனியின் பங்குதாரர் பட்டியலைப் படம் பிடித்து, 2.8 சதவீதம் வைத்திருந்த ஒருவர் பெயருக்கு மஞ்சள் அடித்துப் போட்டார்கள், ‘போர்டில் (இயக்குநர் குழுவில்) இடம் கேட்டிருக்கிறார்’ என்று. சராசரி 86 ரூபாய்க்கு 4,000 பங்கு வாங்கினேன். 104 வரை போனது.

பிறகு லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்கிற எல்லை. காலை ஒன்பதே காலுக்குக் குர்லா பிளாட்பாரத்தில் நின்று போனைத் திறந்தால், வாங்குபவர் பக்கம் பூஜ்யம், விற்பவர் பக்கம் மூன்று லட்சத்துச் சொச்சம். தினமும் 5 சதவீதம் இறங்கி அப்படியே பூட்டிக்கொள்ளும். ஒன்பது மணிக்கே ஆர்டர் போட்டும் பார்த்தேன், வரிசையில் எனக்கு முன்னால் ஊரே நின்றது. இப்படிப் பதினெட்டு வேலை நாள், வீட்டில் சொல்லாமல் சோறு இறங்காமல் கிடந்து, கடைசியில் 41 ரூபாய்க்கு விற்றேன்.

விற்றபிறகுதான் பிஎஸ்இ (மும்பை பங்குச் சந்தை) தளத்தில் உட்கார்ந்து கம்பெனியின் அறிவிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். முன்னாலேயே செய்திருக்க வேண்டிய வேலை. அந்த ‘பெரிய ஆள்’ சந்தையில் வாங்கவே இல்லை, பிரிஃபரென்ஷியல் ஒதுக்கீட்டில், அதாவது கம்பெனியே குறிப்பிட்ட சிலருக்கு நேரடியாகத் தரும் பங்கில், 31 ரூபாய்க்குப் பெற்றிருக்கிறார். அதற்கு ஆறு மாத லாக்-இன் உண்டு, அதுவரை விற்க முடியாது. அது முடிந்த வாரமும் குழுவில் எங்களை வாங்கச் சொன்ன வாரமும் ஒன்று! போர்டில் இடம் கேட்டதாக ஒரு வரி அறிவிப்புகூட இல்லை. கம்பெனிச் சட்டப்படி பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லவே 10 சதவீத ஓட்டுரிமை வேண்டும். இன்வெஸ்கோவிடம் கிட்டத்தட்ட 18 இருந்தது. 2.8 வைத்துக்கொண்டு இவர் தனியாக யாரை மாற்றுவார்?

அவர் விற்று வெளியேறியதுகூட எங்களுக்குத் தெரியவில்லை. 5 சதவீதமும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்தான் 2 சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ இரண்டு வேலை நாளில் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர் ஒரு நாளைக்கு அரை சதவீதத்துக்கு மேல் விற்றால்தான் சந்தை வெளியிடும் பல்க் டீல் (பெரிய அளவு வாங்கல் விற்றல்) பட்டியலில் பெயர் வரும். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டால், காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் வரும் பங்குதாரர் பட்டியல்தான் கதி. அது வந்தபோது, 1 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களில் அவர் பெயரே இல்லை.

குழு தந்த செபி (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு எண்ணை செபி தளத்தில் போட்டுப் பார்த்தால் அது வேறு யாருடையதோ. பணம் கட்டுமுன் இதைப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். நான் பார்க்கவில்லை, பேசியவர் நம்ம ஊர்க்காரர் என்கிற ஒரே காரணத்தால். அண்ணாச்சி மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் ஆறு லட்சம் போய்விட்டது, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம்.

1930-க்குப் போன் செய்து சைபர் புகார் பதிந்தாயிற்று, செபிக்கும் எழுதியாயிற்று. இன்னும் பதில் இல்லை. அதே ஆட்கள் இப்போது குழுவின் பெயரை மாற்றிக்கொண்டு இன்னொரு சின்ன கம்பெனியைப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் யுபிஐ ரசீதையும் டெலிகிராம் செய்திகளையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், என் கண்ணெதிரிலேயே பழைய செய்திகளை அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.