மும்பையின் கலங்கல் கடலுக்கு ஒரு கேமரா: ஒலிம்பஸ் டி.ஜி.-6

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆமை, திருக்கை, கூட்டம் கூட்டமாக மீன் என்று நீலத் தண்ணீரில் பெரிய பெரிய படங்கள் எடுக்க ஆசைப்படுகிறவர்கள், தண்ணீருக்குள் முக்கி எடுக்கிற இந்த ஒலிம்பஸ் டி.ஜி.-6 கேமராவை வாங்க வேண்டாம். ஏமாந்துபோவீர்கள். ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்து எடுக்கிற பொறுமை இருந்தால், அதுவும் நம்மைப் போல மும்பையில் குப்பை கொட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கடல் பக்கம் எட்டிப் பார்க்கிற ஆளாக இருந்தால், இதைவிடப் பொருத்தமான சின்ன கேமரா என் கண்ணில் படவில்லை. 2019இல் வந்த மாடல் இது. அடுத்த மாடலும் வந்துவிட்டது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நான் வைத்திருப்பது ஃபோர்ட் பக்கம் ஒரு கடையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட்.

மும்பைக் கடலில் எடுக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். தாராவியில் எங்கள் தெருவில் இருக்கிற தூத்துக்குடித் தம்பி ஒருவர், கேமராவைப் பார்த்ததும் "பம்பாய்க் கடல்ல சாக்கடையத் தவிர என்னண்ணே இருக்கு?" என்று சிரித்தார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, மன்னார் வளைகுடாவை வாசலில் வைத்துக்கொண்டு வளர்ந்தவர், 21 தீவுகளோடு 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்த கடல் அது. போனில் ஒரு படத்தைக் காட்டினேன். பாறை முழுக்கப் பச்சையும் பழுப்புமாக, கடல் சாமந்திக்கு உறவான சோவாந்திட் உயிர்கள், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு, நடுவில் கீறல் மாதிரி வாய், வாயைச் சுற்றி வட்டமாகக் குட்டி விரல்கள். "முயல் தீவுல எடுத்ததாண்ணே?" என்றார். நம் மும்பை ஹாஜி அலி என்றதும் போனைக் கையில் வாங்கி மறுபடி பார்த்தார்.

ஹாஜி அலி, கிர்காவ், பாந்த்ராவின் கார்ட்டர் ரோடு, ஜூஹு, இந்த இடங்களில் தண்ணீர் வற்றும்போது பாறைக் குழிகளில் தேங்கி நிற்கிற உயிர்கள் கொஞ்சநஞ்சமில்லை. கடல் சாமந்தி, துறவி நண்டு, ஓடில்லாத வண்ணக் கடல் நத்தைகள், அதிர்ஷ்டம் இருந்தால் பேய்க்கணவாய், அப்புறம் நிஜப் பவளமும் உண்டு. மும்பையில் கடலை ஒட்டி கோஸ்டல் ரோடு போட்டபோது வோர்லி, ஹாஜி அலிப் பக்கம் இருந்த பவளங்களை தேசியக் கடலியல் நிறுவனத்தின் உதவியோடு பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்கள் என்பது பலருக்கும் தெரியாது. இருப்பது தெரிந்தால்தானே பெயர்த்தது தெரியும்! 2017இல் தொடங்கிய மரைன் லைஃப் ஆஃப் மும்பை என்ற தன்னார்வக் குழுதான் பொதுமக்களைக் கரைக்குக் கூட்டிப்போய் இதையெல்லாம் காட்ட ஆரம்பித்தது. இந்த ஊர்க் கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படிப்பட்ட கரை நடைகளில் கேட்டதுதான்.

சரி, கேமராவுக்கு வருவோம். தண்ணீருக்குள் படம் எடுப்பதில் பாதிக் கஷ்டம் தண்ணீர்தான். லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அவ்வளவு மங்கல், அவ்வளவு தூசி, நிறமும் அந்த அளவுக்குப் போய்விடும். அந்தமான், லட்சத்தீவு மாதிரி இடங்களில் தண்ணீர் தெளிவு என்பதால் தள்ளி நின்றும் சமாளிக்கலாம். இங்கே கழிமுகங்கள் கொண்டுவந்து கொட்டுகிற வண்டலும் சாக்கடையும் சேர்ந்து, பல நாள் நீட்டிய கையே தெரியாது. அப்படிப்பட்ட தண்ணீரில் ஒரே வழி இடைவெளியைக் குறைப்பதுதான். இந்த கேமராவின் மைக்ராஸ்கோப் மோட், லென்ஸிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் இருப்பதைக்கூட ஃபோகஸ் செய்கிறது. நடுவில் வெறும் 1 செ.மீ. தண்ணீர் என்றால் மும்பைத் தண்ணீரும் கண்ணாடிதான். பெரிய கேமராவுக்கு மேக்ரோ லென்ஸ், ஹவுசிங் என்கிற தண்ணீர் புகாத கூடு என்று லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்கிற வேலையில் ஒரு பகுதியை, 250 கிராம் சொச்சம் எடையுள்ள, சட்டைப் பையில் போடுகிற பொருள் செய்துவிடுகிறது. ஆக்‌ஷன் கேமரா வைத்திருக்கிற நண்பர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், அதற்கு ஃபோகஸ் நிலையானது, ரொம்பப் பக்கத்தில் போனால் எல்லாம் மசமச. போனை பிளாஸ்டிக் உறையில் போட்டு முக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், தண்ணீருக்குள் தொடுதிரை நம் பேச்சைக் கேட்காது.

ஒரு துறவி நண்டை எடுப்பதைச் சொல்கிறேன். கேமராவைக் குழிக்குள் இறக்கியதும் நண்டு ஓட்டுக்குள் போய்விடும். கையைப் பாறையில் ஊன்றி அசையாமல் காத்திருக்க வேண்டும். முதலில் மீசை வரும், தண்ணீரைத் தடவிப் பார்க்கும். அப்புறம் காம்பு வைத்த கண்கள், ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் என்று. கடைசியில்தான் கொடுக்கு. கண் தெரிகிற நேரத்தில் பட்டனை அமுக்கினால், கண்காம்பில் இருக்கிற வரிகளும் கால் முடியில் ஒட்டிய மணல் துகளும் வரை படத்தில் விழும். வெறும் கண்ணால் நான் இதையெல்லாம் பார்த்ததே இல்லை, வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

இதில் ஒரு சிக்கல், 1 செ.மீ.க்குப் போனால் கேமராவின் நிழலே பொருள்மேல் விழுந்துவிடும். எல்.ஜி.-1 என்று ஒரு பிளாஸ்டிக் வளையம் தனியாக விற்கிறார்கள், முகப்பில் இருக்கிற சின்ன எல்.இ.டி. விளக்கின் வெளிச்சத்தை லென்ஸைச் சுற்றிப் பரப்பும். அது இல்லாமல் மைக்ராஸ்கோப் மோட் பாதிதான் பயன்படும், ஆகவே கேமராவோடு அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். உள்ளேயே இருக்கிற ஃபிளாஷை மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள். லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீரில் மிதக்கிற வண்டல் அத்தனையும் வெளிச்சம் வாங்கி, படம் முழுக்க ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வரும்.

பல ஃபோகஸ் தூரங்களில் எடுத்துத் தானே ஒன்றாக்கித் தருகிற ஸ்டாக்கிங் வசதியும் உண்டு. சோவாந்திட் மாதிரி பாறையோடு ஒட்டியிருக்கிற உயிருக்கு அருமை, ஆனால் தண்ணீர் அசையக் கூடாது. நகருகிற நண்டுக்குப் போட்டால் இருப்பதைவிட அதிகம் கால் வரும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சென்சார் சின்னது, 1/2.33 அங்குலம், 12 மெகாபிக்சல். மேகமூட்டமான காலையில் ஐ.எஸ்.ஓ. என்கிற ஒளியுணர்திறனை 800க்கு மேல் ஏற்றினால் படம் புள்ளிபுள்ளியாகிவிடும். ஷட்டர் வேகத்தை நாமே வைக்கிற மோட் கிடையாது, முழு மேனுவலும் கிடையாது, ஓடுகிற மீனை எடுக்க நினைக்கும்போது எரிச்சலாக வரும். திரையைத் திருப்ப முடியாது. இது ஏதோ சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் பாறைக் குழிக்குள் கேமராவை வைத்துவிட்டுத் திரையைப் பார்க்க வேண்டுமென்றால் பாறைமேல் குப்புறப் படுக்க வேண்டும், கிர்காவ் பாறையில் குப்புறப் படுப்பது எப்படியிருக்கும் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சார்ஜ் செய்வது பழைய மைக்ரோ யு.எஸ்.பி. மேலே லாக் (LOG) என்று ஒரு தள்ளுவிசை இருக்கிறது, ஜி.பி.எஸ். தடத்தைப் பதிவதற்கு. பைக்குள் உரசி அது தானாகத் தள்ளிக்கொண்டால் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் பேட்டரி காலி.

ஆனால் அந்த ஜி.பி.எஸ்.தான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. படத்தோடு இடம், நேரம், வெப்பநிலை, அழுத்தம் எல்லாம் பதிவாகிவிடுகிறது. தண்ணீருக்கடியில் ஜி.பி.எஸ். எடுக்காது, கரையோரக் குழிகளில் பிரச்சினையில்லை. எங்கே என்ன உயிரைப் பார்த்தோம் என்று யாரும் பதிவிடக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தைப் போடும்போது எந்தப் பாறையில், எந்தத் தேதியில் என்று தகவல் தயாராக இருக்கும். அழகான படம் பார்க்கிறவர் சந்தோஷத்துக்கு. இடமும் தேதியும் இருக்கிற படம், நாளைக்கு இந்தக் கரையில் இன்னொரு சாலை வரும்போது "இங்கே ஒன்றுமில்லை" என்று யாராவது எழுதினால் எடுத்து நீட்டுவதற்கு. பவளம் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. ஆனால் இருப்பதாகவே யாருக்கும் தெரியாத பவளத்துக்குச் சட்டம் என்ன செய்யும்?

வெப்பநிலை காட்டுவதும் விளையாட்டில்லை, கேமராவைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் வைத்துவிட்டுப் பார்த்தால் ஓரளவுக்கு நம்பலாம். நாம் விடுகிற புகையால் பூமியில் சேருகிற கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 சதவீதத்தைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது, கரியமில வாயுவிலும் ஏறக்குறைய கால் பங்கு. உலகில் உண்டாகிற ஆக்சிஜனில் பாதியளவு கடலில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத தாவர நுண்ணுயிர்கள் செய்வது. அந்த வெப்பத்துக்கான கூலியைப் பவளங்கள் கட்டுகின்றன. உலகளவில் நான்காவது முறையாகப் பவளம் வெளுக்கிறது என்று 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் கடல், வானிலை அமைப்பான நோவா அறிவித்தது, அதே ஆண்டு லட்சத்தீவிலும் வெளுத்தது. தண்ணீர் சூடேறினால் பவளம் தனக்குள் வாழ்கிற பாசியை வெளியே தள்ளிவிடும், நிறமும் சாப்பாடும் அந்தப் பாசியால் வருவது, அது போனால் எலும்பு வெள்ளைதான் மிச்சம். ஒரே பவளத்தை மாதாமாதம் ஒரே கோணத்தில் எடுத்து வைத்தாலே இதையெல்லாம் வீட்டிலிருந்து கவனிக்கலாம். அதற்கு இந்தச் சின்ன கேமரா தாராளம்.

ஆழத்துக்கு இறங்கினால் எப்படி? மால்வன் பக்கம் கொண்டுபோனேன், கொங்கண் கன்யா ரயிலில் ஏறி குடால் இறங்கிப் போகிற ஊர், 1987இலேயே கடல் சரணாலயம் ஆன இடம். 15 மீட்டர் வரை உறையில்லாமலே தாங்கும் என்கிறது நிறுவனம், மூச்சுக்குழாய் வைத்து மேலாக நீந்துகிற ஸ்நார்கலிங்குக்கு அது போதும், முறையாக டைவ் செய்கிறவர்கள் தனி ஹவுசிங் போட்டால் 45 மீட்டர் வரை போகலாம். தண்ணீர் முதலில் சிவப்பைத் தின்றுவிடும், நாலைந்து மீட்டருக்குள்ளேயே சிவப்பு மீன் சாம்பல் நிறமாகிவிடும். நிறத்தைச் சரிசெய்ய ஆழத்துக்குத் தகுந்த மூன்று ஒயிட் பேலன்ஸ் உள்ளே இருக்கிறது, பரவாயில்லை ரகம். கேமரா மெருகேற்றாத ரா வடிவத்தில் எடுத்து வீட்டில் சரிசெய்வதுதான் என் வழக்கம். தூரத்துப் படங்கள் எல்லாம் சுமார், பாறைமேல் ஒட்டியிருந்த சின்ன உயிர்கள்தான் அங்கேயும் தேறின. படகில் வந்த ஆள் மீன் கூட்டத்தை வரவழைக்க பிஸ்கட்டை நொறுக்கித் தண்ணீரில் போட்டார், "போட்டோ நல்லா வரும் சாப்" என்று. வேண்டாம் என்று சொன்னால் வித்தியாசமாகப் பார்க்கிறார்கள். பக்கத்துப் படகில் ஒருவர் பவளத்தின்மேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார், அதைத் தடுக்க எந்த கேமராவிலும் மோட் இல்லை.

கரைக்குப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, ஓத அட்டவணையில் கடல் மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்குகிற காலையாகப் பார்த்துப் போங்கள். வற்றுவதைவிட ஏறுவது வேகமாகத் தெரியும், தண்ணீர் திரும்புவதற்கு முன்பே நீங்கள் திரும்பிவிடுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்லது. மழைக்காலத்தில் ஜூஹு மணலில் நீல பலூன் மாதிரி ஒதுங்குவதைக் கையால் தொடாதீர்கள், அது பிசேலியா, கொட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். கல்லைப் புரட்டினால் புரட்டியபடியே திரும்ப வையுங்கள். கையில் காயம் இருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம், தண்ணீர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும்.

திரும்பியதும் கேமராவை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பட்டன்களை உள்ளேயே அமுக்கிவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். மூடி ரப்பரில் ஒரு மணல் துகளோ ஒரு தலைமுடியோ இருந்தால் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே போய் கேமரா அவுட். அந்த ரப்பரை ஆண்டுக்கொரு முறை மாற்றச் சொல்கிறது நிறுவனம்.

டி.ஜி.-7 2023இல் வந்தது, ஓ.எம். சிஸ்டம் என்ற பெயரில். அதே 12 மெகாபிக்சல், அதே 15 மீட்டர், யு.எஸ்.பி.-சி சார்ஜிங், செங்குத்து வீடியோ. புதிதாக வாங்குகிறவர்கள் அதையே வாங்கலாம், கையில் டி.ஜி.-6 இருப்பவர்கள் மாற்ற அவசியமில்லை. செகண்ட் ஹேண்ட் என்றால் இரண்டு மூடிகளையும் திறந்து ரப்பரில் விரிசலோ உப்புப் படிவோ இருக்கிறதா பாருங்கள், முகப்புக் கண்ணாடிக்குள் ஆவி படிந்த தடம் இருக்கிறதா வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அப்புறம் மூடிகளை இரட்டைப் பூட்டுப் போட்டுவிட்டு, கடைக்காரரிடம் ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள். "தண்ணியில போடக்கூடாது சார்" என்று சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.