சிறைவாசிகளுக்கான இலவச சட்ட உதவி: வக்கீல் கிடைத்துவிடுவார், நாட்களை யார் எண்ணுவது?

இலவச வக்கீல் என்றாலே வருமானச் சான்று கேட்பார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு அது தேவையே இல்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12, காவலில் உள்ள எவருக்கும் வருமானம் பார்க்காமல் இந்த உதவியைத் தருகிறது. வக்கீல் ஃபீஸ், மனுச் செலவு, நகல் செலவு எதுவும் கிடையாது. நியமிக்கப்பட்ட வக்கீல் "கொஞ்சம் செலவுக்கு" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, வேறு வக்கீல் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் இந்தச் சேவைக்கு மதிப்பெண் போடச் சொன்னால், நியமனத்துக்குத் தாராளமாகப் போடலாம். குடும்பத்துக்குத் தகவல் சொல்வதில் தேறாது.

கேட்கும் வழி எளிது. புழல், மதுரை, பாளையங்கோட்டை போன்ற மத்திய சிறைகளில் சட்ட உதவி மையம் இருக்கிறது. உள்ளே இருப்பவரே அங்கு மனு எழுதிக் கொடுக்கலாம், எழுதத் தெரியாதவருக்குச் சட்டத் தன்னார்வலர் எழுதித் தருவார். வெளியே இருப்பவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம், அல்லது 15100-ஐ அழைக்கலாம். பெயர், தந்தை பெயர், காவல் நிலையம், குற்ற எண், சட்டப்பிரிவுகள், நீதிமன்றம், ரிமாண்ட் ஆன தேதி, அடுத்த வாய்தா ஆகிய எட்டும் ஒரு தாளில் இருந்தால் போதும். குற்ற எண்ணும் ஆண்டும் மாறிப்போனால் மனு வேறு கோப்பில் போய் உட்கார்ந்துவிடும். ஏற்கெனவே தனியார் வக்கீல் வக்காலத்து போட்டிருந்தால் முதலில் அவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குங்கள். இரண்டு வக்கீல்களும் தனித்தனியாக ஜாமீன் மனு போட்டு, ஒன்றில் மற்றதைச் சொல்லாமல் விட்டால், நீதிபதிக்கு மறைத்ததாகத் தோன்றும், இரண்டும் கெடும்.

2022-இல் வந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வக்கீல் முறையில் சம்பளத்துக்கு முழுநேரமாக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். வெளி வழக்கு எடுக்கக் கூடாது என்பதால் பட்டியலில் உள்ள தனியார் வக்கீல்களுக்கு வழக்கைப் பிரித்துக் கொடுக்கும் பழைய முறையைவிட இது மேல். ஆனால் கோப்புகள் அதிகம். உங்கள் வழக்கின் நாள் கணக்கு அவர் தலையில் இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

அந்த நாள் கணக்குதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பத்தாண்டு அல்லது அதற்கு மேல், ஆயுள், மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றமென்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமை. வழக்கு எவ்வளவு பலமானது என்ற பேச்சே அங்கு எடுபடாது. ரிமாண்ட் ஆன நாளையே முதல் நாளாக எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. எனவே 60 நாள் வழக்கென்றால் 61-ஆம் நாள் காலை நீதிமன்றம் திறக்கும்போது மனு மேசையில் இருக்க வேண்டும். காலையில் குற்றப்பத்திரிகை வந்து மதியம் நீங்கள் மனு போட்டால் உரிமை போயிற்று. 50-ஆம் நாளே வக்கீலைப் பார்த்து மனுவைத் தயார் செய்யச் சொல்லுங்கள். போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டது 'வணிக அளவு' என்று சட்டம் சொல்லும் பெரிய அளவு என்றால் கணக்கு 180 நாள்.

நீண்ட நாள் உள்ளே இருக்கும் விசாரணைக் கைதிகளுக்கு, 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் பிரிவு 479 உண்டு. அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீன், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். 1.7.2024-க்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும். ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் உள்ளவருக்கும் பொருந்தாது. அந்த இரண்டாவது விலக்கில்தான் பலர் சிக்குகிறார்கள். தகுதி வந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்பது சட்டம். இருந்தாலும் நீங்களும் ஒரு மனு கொடுத்து வையுங்கள்.

அடுத்த முட்டுக்கட்டை, ஜாமீன் கிடைத்த பிறகு. இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த உறவு என்று உத்தரவு வரும். அவர்கள் ஆதார், ரேஷன் கார்டு, தங்கள் பெயரிலேயே உள்ள வீட்டு வரி ரசீதுடன் வர வேண்டும். ரசீது இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் திருப்பிவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கும் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் தலைவலி இதுதான். உத்தரவு வந்து ஏழு நாளாகியும் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். இரண்டும் உச்ச நீதிமன்றம் 31.1.2023 அன்று சொன்னவை. எட்டாம் நாள் அலுவலகத்துக்குப் போய் அந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். தளர்வு மனுவை இலவச வக்கீலே போடுவார்.

மத்திய அரசின் ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் 2023-இல் வந்தது: அப்போது விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். பணம் கைக்கு வராது, நீதிமன்றத்துக்குப் போகும். போதைப்பொருள், ஊழல், சட்டவிரோதப் பணப் பரிமாற்றம், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்குக் கிடையாது. நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் ரொக்கம் கேட்பதில்லை, ஆளைக் கேட்கின்றன. அந்த ஆளை இந்தத் திட்டம் கொண்டு வராது.

தண்டனை ஆனவர்களுக்குச் சுருக்கமாக: தீர்ப்பு நகல் இலவசம், சிறை அதிகாரி வழியாகவே மேல்முறையீடு கொடுக்கலாம். உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள். உயர் நீதிமன்ற வழக்குகளுக்குச் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் தனிச் சட்டப்பணிக் குழு இருக்கிறது.

விசாரணை இல்லாமலே தடுப்புக் காவலில் வைக்கும் குண்டர் சட்டம் போட்டிருந்தால் மேலே சொன்ன ஜாமீன் கணக்கு எதுவும் கதவைத் திறக்காது. அந்த உத்தரவை 12 நாளுக்குள் அரசு உறுதி செய்ய வேண்டும், மூன்று வாரத்துக்குள், காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். கழகத்தின் முன் வக்கீல் வாதாட முடியாது. வக்கீல் அல்லாத நண்பர் ஒருவர் உடன் நின்று உதவலாம். உத்தரவோடு கொடுத்த காகிதத் தொகுப்பில் படிக்க முடியாத பக்கங்கள், தமிழாக்கம் இல்லாத ஆவணங்கள் இருந்தால் அவற்றைக் குறித்து அன்றே முறையீடு எழுதுங்கள். அதன் நகலும் தேதியும்தான் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடும் இலவச வக்கீலுக்கு முதலில் தேவைப்படும்.