என் காரின் ஸ்பிரிங்கை எனக்கே விற்றுவிட்டுப் போனவன்

சென்னையில் யாராவது "வீட்டுக்கே வந்து காரைத் தாழ்த்தித் தருகிறேன்" என்று உங்களிடம் சொன்னால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 24,000 ரூபாய் கொடுத்தேன். கிடைத்தது என் காரில் ஏற்கெனவே இருந்த அதே ஸ்பிரிங், ஒன்றரைச் சுற்று குறைவாக.

கார் 2019 ஸ்விஃப்ட். தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் 163 மி.மீ. இடைவெளி என்பது கம்பெனிக் கணக்கு. எங்கள் பகுதி வேகத்தடைகளுக்கு அதுவே சில இடங்களில் போதாது. ஆனாலும் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை நுழையும் அந்தச் சந்து என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அழகுக்காகத்தான் செய்தேன். வளைவில் வண்டி சாயாது, பிடிப்பு கூடும் என்றெல்லாம் வீட்டில் சொன்னது பொய். அப்பா அதை நம்பவும் இல்லை.

முதலில் குட்டையான ஸ்பிரிங்கை வாங்கி நானே மாற்றுவதாகத்தான் எண்ணம். ஸ்விஃப்டில் பின்பக்கம் சுலபம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனி. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி அச்சை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். முன்பக்கம் அப்படியல்ல. அங்கே ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அழுந்தி உட்கார்ந்திருக்கும். மேல் நட்டைத் தொடும் முன் எதிரெதிராக இரண்டு கொக்கிகளை மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று முறுக்கி அதைச் சுருக்க வேண்டும். ஒரு கொக்கி நழுவினால் எதிரே இருப்பவர் முகம் தப்பாது. கடையில் அந்தக் கொக்கிகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பயத்தைத்தான் அவன் காசாக்கினான்.

விளம்பரத்தில் பார்த்த எண். இறக்குமதி ஸ்பிரிங், 30 மி.மீ. இறங்கும், மூன்று மணி நேர வேலை என்றான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பையனோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். பையிலிருந்து சிவப்பு ஸ்பிரிங் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தான். கனமாக இருந்தது, சுற்றில் எண் அச்சிட்டிருந்தது. அது நல்ல சரக்குதான் என்று இன்றும் நினைக்கிறேன். அது என் வண்டிக்குள் போகவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணா, ஸ்பிரிங்கை அழுத்தும்போது பக்கத்தில் நிற்காதீர்கள். தெறித்தால் ஆபத்து" என்றான். உண்மைதானே! உண்மையைச் சொல்லி ஏமாற்றுகிறவனை எப்படிச் சந்தேகிப்பது? கிரீஸ் வாங்கிவரச் சொன்னான், பிறகு டீ. டீக்கடையில் நிற்கும்போதே எங்கள் வீட்டுப் பக்கமிருந்து கட்டிங் மிஷின் சத்தம் கேட்டது. திரும்பி வந்து கேட்டேன். "ஒரு போல்ட் துருப்பிடித்துவிட்டது அண்ணா, கடல் காற்று." அதையும் நம்பினேன். பெயின்ட் வாசனை வந்தது. புதுப் பொருளின் வாசனை என்று எடுத்துக்கொண்டேன்.

பழைய ஸ்பிரிங்குகளைக் கேட்டபோது, இரும்புக்கடையில் போட்டால் இருநூறு ரூபாய்கூடத் தேறாது, நானே எடுத்துப்போகிறேன் என்று வாய் கட்டிய சாக்கைக் காட்டினான். உள்ளே ஏதோ கலகலத்தது. நான்கு முழு ஸ்பிரிங்கின் கனம் அந்தச் சாக்கில் இல்லை. பையன் அதை ஒற்றைக் கையால் தூக்கினான். நான் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் வேண்டாமா என்றேன். ஓடி ஓடிச் செட் ஆகிவிடும் என்றான். பில் கேட்டதற்குச் சிரித்தான். அப்பா வாசலுக்கு வந்து, "வண்டி ஏன் குந்தியிருக்கிறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

பத்து நாள் நான் அதை நின்று நின்று ரசித்தேன். பிறகு பின்பக்கத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. வேகத்தடையில் ஏறும்போது இல்லை, இறங்கும்போது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 செ.மீ. உயரத்தில், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பது யாரோ ஒரு மேஸ்திரி இரவோடு இரவாகப் போட்ட திண்ணை. அதனால் தெருவைத்தான் குறை சொன்னேன்.

இரண்டாவது மாதம் பின் டயர் பஞ்சர் ஆனது. பஞ்சர் கடைக்காரர் ஜாக்கி வைத்துத் தூக்கினார், சக்கரம் கீழே தொங்கியது. அவர் உள்ளே கைவிட்டார். "தம்பி, இங்கே வந்து இதைத் தொட்டுப் பாருங்கள்." தொட்டேன். ஸ்பிரிங் என் கையில் வளையல் போலச் சுழன்றது. சக்கரம் முழுக்கத் தொங்கினாலும் ஸ்பிரிங் மேலும் கீழும் இறுகி நிற்க வேண்டும். இது ஒவ்வொரு பள்ளத்திலும் தான் உட்காரும் ரப்பர் இருக்கையை விட்டு விலகி, திரும்ப வந்து விழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் திரும்ப வராமலும் போயிருக்கலாம், ஈ.சி.ஆரில் அந்த வண்டியில் என் குழந்தைகளை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன்.

அவர் நகத்தால் சிவப்பு பெயின்டைச் சுரண்டினார். அடியில் கம்பெனி அடையாளத்துக்குப் போடும் வண்ணக் கோடு. முனையைப் பார்த்தால் கத்தியால் வெட்டிய வெண்டைக்காய் போலத் தட்டையாக, அந்த ரப்பர் இருக்கையைக் கடித்துத் தின்றிருந்தது.

அளந்து பார்த்தேன். 30 மி.மீ. என்றது முன்னால் 45, பின்னால் 50. இடதுக்கும் வலதுக்கும் 8 மி.மீ. வித்தியாசம். கண்ணளவில் அறுத்தால் வேறு எப்படி வரும்? சுற்று குறைந்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு கூடும், ஆனால் இறங்கிய உயரத்தை ஈடுகட்டும் அளவுக்குக் கூடாது. ஆகவே ஷாக் எந்நேரமும் அடிமட்டத்தில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பை இடித்துக்கொண்டே வேலை செய்திருக்கிறது. பின் ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிவு. வண்டி இறங்கியதும் முன்சக்கரங்களின் கோணம் மாறியிருந்தது. முன் டயர்களின் உள்விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. புது ஸ்பிரிங் நான்கு, ஷாக் இரண்டு, டயர் இரண்டு, அலைன்மென்ட் என்று 29,000 ரூபாய்க்கு மேல் போனது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். பில் இருக்கிறதா என்றார்கள். ரொக்கமாகக் கொடுத்தவனிடம் என்ன இருக்கும்? வழக்கறிஞரான நண்பர் வேறொன்று சொன்னார். கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. "புகாரில் முதல் வரியிலேயே நீ உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும்" என்றார். இதைத் தெரிந்துதான் அவன் தொழில் செய்கிறான்.

இதற்குப் பிறகும் தாழ்த்தியே தீருவேன் என்பவர்களைத் தடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. வேலை முடிகிறவரை இடத்தைவிட்டு நகராதீர்கள், டீ வேண்டுமென்றால் அவனே போய்க் குடித்துவிட்டு வரட்டும். நான்கு ஸ்பிரிங்கையும் பொருத்தும் முன் வரிசையாகத் தரையில் வைக்கச் சொல்லி, எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய நான்கும் முழுதாக உங்கள் கைக்கு வர வேண்டும். ஜாக்கியை இறக்கும் முன் தொங்கும் சக்கரத்தில் ஸ்பிரிங்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

அவன் எண் இப்போது என் அழைப்பை ஏற்பதில்லை. போன வாரம் மனைவியின் போனில் அதே விளம்பரம் வந்தது. அதே மூன்று மணி நேரம், அதே ஞாயிற்றுக்கிழமை. படத்தில் ஸ்பிரிங் இப்போது நீல நிறம்.