கண்ணுக்கு முன்னால் கணினி திருத்தும் கடை, கிளிநொச்சி

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை, இரவு முழுக்க இடி. காலையில் எழும்பிக் கணினியின் சுவிட்சை அமத்தினால் ஒரு சத்தமும் இல்லை. விளக்கு எரியவில்லை, காற்றாடி சுற்றவில்லை. பிளக்கை மாற்றிக் குத்திப் பார்த்தேன், வயரை மாற்றிப் பார்த்தேன், அசையவில்லை. எங்கள் மாதர் சங்கத்தின் சுழற்சிக் கடன் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருந்தது. 43 பெண்கள் வாங்கினதும் கட்டினதும், நான்கு வருடக் கணக்கு. கொப்பியில் எழுதுவதைப் போன வருடம்தான் நிறுத்தியிருந்தேன். அன்று காலை தேத்தண்ணிகூட இறங்கவில்லை.

முதலில் கிட்டவுள்ள ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். மூடியைக்கூடக் கழற்றவில்லை. "மதர்போர்ட் போயிட்டுது, புதுசு போட்டு போர்மற் அடிக்கவேணும்" என்றார்கள். மதர்போர்ட் என்றால் உள்ளே எல்லாப் பாகமும் கொழுவுகிற பெரிய போர்டாம். 38,000 ரூபா. அப்போ உள்ளே இருக்கிறது என்ன ஆகும் என்று கேட்டேன். "எல்லாம் அழியும்தான்." கரண்டே ஏறாத மெசினுக்கு எதற்கு போர்மற் என்று எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அறிவியல் நகரில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் இந்தக் கடையைச் சொன்னாள். சிபியுப் பெட்டியைப் படுக்கை விரிப்பால் சுற்றி, தர்மபுரத்தில் பஸ் ஏறி, பரந்தனில் மாறி, கரடிப்போக்குச் சந்தியில் இறங்கினேன். வழி நெடுக மடியில்தான் வைத்திருந்தேன். கடை உள்ளொழுங்கையில், ஒரு வீட்டின் முன் அறை. நீட்டு மேசை, மேலே ஒரு லைற், தூசு தட்டுகிற தூரிகை, டப்பா டப்பாவாக ஆணிகள்.

அங்கிருந்த தம்பி ஆணியைத் தொடவே இல்லை, முதலில் கேள்விதான் கேட்டார். "நிக்கேக்க கருகின மணம் வந்ததோ அக்கா? திகதி பிழையாக் காட்டினதோ? ராத்திரி பிளக் சுவரில இருந்ததோ?" திகதி பல மாதமாகப் பின்னுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். பிளக் சுவரில் இருந்தது, ஆனால் சுவிட்சை நிப்பாட்டியிருந்தேன் என்றேன். மேகத்திலிருந்து இவ்வளவு தூரம் தாண்டி வருகிற மின்னலுக்கு சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளி ஒரு தடையே இல்லை என்றார் அவர். பிளக்கைக் கழற்றவேண்டும், இன்ரநெற் வயர் இருந்தால் அதையும் கழற்றவேண்டும். மீள்குடியேறி வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்தது. அதற்கு முன் குப்பி விளக்கும், சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட றேடியோவும்தான். இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மூடியைத் திறந்ததும், கணக்கெல்லாம் பதிந்திருக்கிற ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டார். "மற்றதெல்லாம் சரியெண்டு தெரியாமல் இதுக்குக் கரண்ட் குடுக்கமாட்டன்." எனக்கு அந்த ஒரு வசனம் போதுமாயிருந்தது.

பிறகு செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கணினிக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து போர்டுக்குப் போகிற அகலமான 24 துளைப் பிளக்கைக் கழற்றினார். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, வளைத்து, ஒரு முனையைப் பச்சை வயரின் துளையிலும் மற்றதைப் பக்கத்துக் கறுப்பு வயரின் துளையிலும் செருகினார். அதற்குப் பிறகுதான் சுவரில் கரண்ட் போட்டார். நல்ல சப்ளை என்றால் போர்ட் இல்லாமலே அதன் காற்றாடி சுற்றவேண்டுமாம். சுற்றவில்லை. ரோர்ச் அடித்து அதன் கம்பி வலைக்குள்ளே பார்க்கச் சொன்னார். கரண்டைத் தேக்கி வைக்கிற சின்ன உருளையான கப்பாசிற்றர் ஒன்றின் தலை ஊதி மேலே எழும்பியிருந்தது. மின்னல்தானா என்று கேட்டேன். பழுதாகும் வயதும் வந்துவிட்டது, மின்னல் கடைசியாகத் தள்ளிவிட்டிருக்கலாம், அடித்துச் சொல்லமுடியாது என்றார். இந்தச் சப்ளைப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும் என்று இரண்டு தரம் சொன்னார்.

தன்னுடைய சப்ளையைக் கொழுவி சுவிட்சை அமத்தினார். காற்றாடிகள் சுற்றின. "போர்ட் உயிரோட இருக்கு அக்கா." போய்விட்டது என்று 38,000 ரூபாவுக்கு எனக்குச் சொல்லப்பட்ட அதே போர்ட். கண் கலங்கிவிட்டது.

ஆனால் திரையில் படம் இல்லை. ஒரு சின்ன ஸ்பீக்கரைப் போர்டில் குத்தினார். கீஈ, கீஈ என்று நீட்டி நீட்டிக் கத்தியது. இந்தச் சத்தம் போர்டுக்குப் போர்ட் மாறும், இதில் இப்படிக் கத்தினால் முதலில் றாமை, அதாவது கணினி வேலை செய்யும்போது பாவிக்கிற நினைவகப் பட்டையைப் பார்ப்பேன் என்று சொல்லி, கரண்டை எடுத்துவிட்டு றாமை வெளியே எடுத்தார். அதன் பொன்னிறக் கால்கள் மங்கிக் கிடந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாக, ஒரே திசையில் தேய்த்தார். மேசையில் கறுப்புத் துருவல் விழுந்தது. றாம் குத்துகிற துளையைத் தூரிகையால் தட்டி, இரண்டு பக்கமும் 'கிளிக்' என்று பூட்டும்வரை அமத்தினார். படம் வந்துவிட்டது. காசு கேட்காத வேலை இது.

திகதிப் பிழைக்குக் காரணம் போர்டில் இருக்கிற காசு அளவுப் பற்றரி. 3 வோல்ற் இருக்கவேண்டிய இடத்தில் மீற்றர் 2.1 காட்டியது. அதையும் மாற்றினோம்.

புதுச் சப்ளை வர இரண்டு நாள் எடுத்தது. மூன்றாம் நாள் நான் போன பிறகுதான் டிஸ்க்கைக் கொழுவினார். கணக்குக் கோப்பு திறந்தது, 43 பெயரும் இருந்தன. வேறு எதையும் செய்யமுதல் பென்டிரைவில் பிரதி எடுத்துக் கையில் தந்தார். சப்ளை 5,500, பற்றரி 150, கூலி 1,000. மொத்தம் 6,650 ரூபா. சப்ளைக்கு ஒரு வருட உத்தரவாதம், பழையதையும் பையில் போட்டுத் தந்தார்.

குறையும் உண்டு. போன் எடுப்பதே இல்லை, இரண்டு நாளும் வேலை முடிந்ததா என்று தெரியாமல் தவித்தேன். பில் கேட்டால்தான் எழுதுகிறார், சங்கத்துக்குக் கணக்குக் காட்டுகிற என்னைப் போன்றவர்கள் மறக்காமல் கேட்கவேண்டும். இருக்க ஒரு கதிரையும் இல்லை. வயதானவர்களை அனுப்பவேண்டாம். லப்ரொப் போர்ட் வேலை தனக்குச் சரிவராது என்று அவரே சொல்லிவிடுகிறார்.

போகிறவர்கள் காலையில் போங்கள், பின்னேரம் ஆள் கூடிவிடும். மொனிற்றரைத் தூக்கத் தேவையில்லை, சிபியு போதும். சுவரில் குத்துகிற வயரைக் கட்டாயம் கொண்டுபோங்கள். முதலில் அதைத்தான் சோதிப்பார்.