பழைய ஜீப்புக்கு ஆன்லைன்ல பாகம் வாங்குறீங்களா? 38,500 ரூபாய் விட்டவன் சொல்றேன், கேளுங்க

38,500 ரூபாய். சுளையாப் போச்சு. போன வாரம் லாரி ஷெட்ல இருந்து மரப்பெட்டியை எடுத்துட்டு வந்து திருநகர் பட்டறையில வச்சுப் பிரிச்சோம். அப்ப பிடிச்ச வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல.

என் வண்டி மஹிந்திராவோட பழைய சிஜே-3பி, பெட்ரோல். ஹரிகேன் இன்ஜின்ல இன்டேக் வால்வு ஹெட்லயும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்லயும் இருக்கும். அந்த உயரமான இன்ஜினை உள்ள அடக்கத்தான் ஜீப்பை முதல்ல செஞ்ச அமெரிக்க கம்பெனி வில்லிஸ்காரன் 1953ல பானெட்டைத் தூக்கினான். பாடி, பிரேக், ஒயரிங் எல்லாம் முடிச்சாச்சு. மிச்சம் இருந்தது டிரான்ஸ்பர் கேஸ், அதாவது பவரை முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பிரிச்சு அனுப்புற கியர் பெட்டி. மாடல் ஸ்பைசர் 18. லோ கியர் போட்டா மேட்டுல தானா விட்டுரும். இந்தப் பெட்டியில நீங்க ரெண்டு வீல்ல ஓட்டினாலும் நாலு வீல்ல ஓட்டினாலும் பவர் இன்டர்மீடியட் கியர் வழியாத்தான் வெளிய போகும், அதனால முதல்ல தேயுறதும் அங்கதான். போடி, கம்பம் பக்கம் தோட்டத்து ஜீப் வச்சிருக்கவங்ககிட்ட எல்லாம் விசாரிச்சோம். கிடைச்சதெல்லாம் நம்மளதை விட மோசம்.

அப்பத்தான் பழைய சாமான் வாங்க விக்கிற செயலி ஒண்ணுல அந்த விளம்பரம் வந்துச்சு. 'முழுசா ரீகண்டிஷன் பண்ணது'ன்னு போட்டு, பேருக்குப் பக்கத்துல 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்'னு ஒரு டிக் வேற.

ஆள் வீடியோ கால்ல வந்தார். நரைச்ச தலை, கையெல்லாம் கிரீஸ். எடுத்ததுமே, "தம்பி, பின் அச்சுல டிஃபரன்ஷியல் நடுவுல இருக்கா, ஓரமா இருக்கா?"ன்னு கேட்டார். ஓரமா இருந்தாத்தானே இந்தப் பெட்டி சேரும்! இதைக் கேக்கத் தெரிஞ்சவன் எப்படி ஏமாத்துவான்? அந்த இன்டர்மீடியட் கியர் உக்காந்து சுத்துற ஷாஃப்ட் ஒன்னேகால் இஞ்ச்தானேன்னு கேட்டேன். கழட்டி வச்சிருந்த ஷாஃப்ட்ல அளவு பாக்குற வெர்னியரைப் பிடிச்சு கேமரா கிட்ட நீட்டினார். 31.75 மில்லி. அவரே, "மொத்தப் பணமும் இப்ப வேண்டாம் தம்பி, இருபதாயிரம் போடுங்க. லாரியில ஏத்தினதுக்குக் கொடுக்கிற எல்.ஆர். ரசீது போட்டோ பாத்துட்டு மிச்சத்தைப் போடுங்க"ன்னார். ரசீதும் வந்துச்சு. 18,500 போட்டேன். ரசீது நிஜமான ரசீதுதான். பெட்டிக்குள்ள இருந்ததுதான் வேற.

வைக்கோலை விலக்கினா பளபளன்னு சில்வர் பெயின்ட். மெக்கானிக் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால லேசாச் சுரண்டினார். பெயின்டோட சேந்து ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசை பட்டையாப் பேந்து வந்துச்சு, அடியில விரல் நீளத்துக்கு விரிசல். ஷாஃப்டை உருவி வெர்னியர் வச்சார்: 19 மில்லி, சொச்சம். "முக்கா இஞ்ச். இது சண்டை நேரத்து ஜீப் சைசுப்பா. அதுலயும் கியர்ல பல்லைக் காணோம்"னு தூக்கி ஓரமா வச்சுட்டார்.

வித்தவனுக்கு (இனிமே மரியாதை என்ன வேண்டிக் கிடக்கு) போன் போட்டேன். முதல்ல, "அடடா, கோடவுன் பையன் மாத்தி ஏத்திட்டான் போல, நாளைக்குப் பாக்குறேன்." அடுத்து, "லாரியில உடைஞ்சிருக்கும்." லாரியில ஷாஃப்ட் எப்படிடா சிறுத்துப் போகும்? அப்புறம், "நீங்களே பொருளை மாத்திட்டு என்னைச் சொல்றீங்களா?" அதோட பிளாக். லாரி ஆபீஸ்ல கேட்டா, "கட்டின பெட்டியைக் கொண்டு வர்றதோட எங்க வேலை சரி சார்." செயலியில மனுஷனே கிடையாது. 'உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்'னு ஒரு மெசேஜ், அப்புறம் 'பணப் பரிமாற்றம் செயலிக்கு வெளியே நடந்ததால் நாங்கள் பொறுப்பல்ல'ன்னு ஒண்ணு. அப்ப அந்த டிக் எதுக்கு? பேங்க்ல, "நீங்களா அனுப்பினதுதானே?" சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிச்சுப் புகார் பதிஞ்சாச்சு, நம்பர் கொடுத்திருக்காங்க, அவ்வளவுதான். 38,500 ரூபாய்க்கு என்கிட்ட இப்ப இருக்கிறது ஒரு புகார் நம்பரும் ஒரு பழைய இரும்பும்.

என்னென்ன பாத்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், ஆத்திரத்துல ஒண்ணும் கோர்வையா வரல. முடிஞ்சா மெக்கானிக்கைக் கூட்டிட்டு நேர்ல போங்க. முடியலைன்னா கேஸ் மேல உங்க பேரை பெயின்ட்ல எழுதச் சொல்லி, அதே பொருளைப் பெட்டியில வச்சு ஆணி அடிக்கிற வரைக்கும் வீடியோவை நிறுத்த விடாதீங்க. லாரி ஷெட்லயே வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க. புது சில்வர் பெயின்ட் அடிச்சிருந்தா சுரண்டிப் பாருங்க. பணம் போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே 1930க்கு அடிங்க, நுகர்வோர் புகாருக்கு 1915.

இன்னைக்குக் காலையில பாத்தேன், அதே விளம்பரம் திரும்ப ஓடுது, விலை 41,000. பச்சைத் தார்ப்பாய் மேல ஷாஃப்ட், பக்கத்துல மஞ்சப் பிடி போட்ட சுத்தியல். அந்தப் போட்டோவைப் பாத்தா பணத்தைப் போட்டுறாதீங்க, எனக்கு ஒரு மெசேஜ் தட்டுங்க.