ரங்கூன்–டலா படகு: பத்தாண்டுக்கு மேல் ஏறி இறங்கியவர்கள் கணக்கு

ரங்கூனிலிருந்து எதிர்க்கரை டலாவுக்குப் படகில் ஆற்றைக் கடக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் ரங்கூன் கரையிலுள்ள பன்சோடான் துறையின் வாசலில் நுழைந்ததிலிருந்து டலா கரையில் சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா பிடிப்பது வரை பார்த்தால், கூட்ட நேரத்தில் முப்பது நாற்பது நிமிடம் போய்விடுகிறது. மிச்ச நேரமெல்லாம் துறையில்தான் கழிகிறது. பயணத்தைச் சுருக்கப் பணம் செலவிட வேண்டிய இடமும் அதுதான்.

2014 முதல் ஓடும் ‘செர்ரி’ என்று பெயரிட்ட மூன்று படகுகளும் ஜப்பான் நன்கொடையாகத் தந்தவை. ஓட்டுவது அரசின் உள்நாட்டு நீர்ப்போக்குவரத்து நிறுவனம். சாலை வழியாக டலாவுக்குச் சுற்றிப் போனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், தெய்ஞ்சி சந்தையில் சரக்கெடுப்பவர், காளி கோயிலுக்கு வருபவர், நகரத்துக்குக் கூலி வேலைக்கு வருபவர் எல்லாருக்கும் இதுதான் வழி.

ஒரு நடைக்கு 800 பேர் என்று வைத்துக்கொள்வோம். கரையையும் துறையையும் இணைக்கும் இரண்டு மீட்டர் அகல நடைபாலத்தில் வெறுங்கையோடு போனால் நிமிடத்துக்கு நூறு, நூற்றைம்பது பேர் கடக்கலாம். காய்கறிக் கூடையும் சைக்கிளும் சேர்ந்தால் அது பாதியாகிவிடும். இறங்குபவர் முடித்தபிறகே ஏறுபவர் என்று ஒரே வாயிலில் விட்டால், துறையில் 15 நிமிடமாவது நிற்க வேண்டும். போக வர 50 நிமிடம். இரண்டு படகு ஓடினால் 25 நிமிடத்துக்கு ஒரு நடை. மூன்றாவதையும் இறக்கினால் 17 நிமிடம். இறங்க ஒரு பக்கம், ஏற மறுபக்கம் என்று பிரித்து நிற்கும் நேரத்தை 8 நிமிடமாக்கினால், இரண்டே படகில் 18 நிமிடத்துக்கு ஒரு நடை கிடைக்கும். தடுப்புக் கம்பியும் இன்னொரு நடைபாலமும் ஒரு படகின் வேலையைச் செய்துவிடும்! மூன்றாவது படகு பழுதுபார்க்கவும் மாற்றாகவும் நிற்கலாம். எல்லாப் படகையும் ஓட்டித் தீர்த்துவிட்டு, ஒன்று நின்றதும் தவிப்பதுதான் பெரிய தவறு.

ரங்கூன் ஆற்றில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அதனால்தான் நீரோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதவைத்துறை. 40 மீட்டர் நடைபாலத்தின் முனை ஐந்து மீட்டர் தாழ்ந்தால் எட்டுக்கு ஒன்று சரிவு. மழையில் வழுக்கும், தள்ளுவண்டியை ஒருவரால் பிடிக்க முடியாது. சக்கர நாற்காலிக்கு ஏற்ற பன்னிரண்டுக்கு ஒன்று வேண்டுமானால் 60 மீட்டர் நீளம் தேவை. வற்று நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரம் காலை ஏழு மணிக் கூட்டத்தோடு மோதும், அடுத்த வாரம் மோதாது. வற்று நேர அட்டவணையைத் துறையில் ஒட்டிவைத்தாலே கிழவர்களும் கர்ப்பிணிகளும் நேரம் பார்த்து வருவார்கள்.

எஞ்சினைக் கெடுப்பது பெரும்பாலும் சேறுதான். குளிர்நீர் பம்பின் இறக்கையும் சுழல்தண்டைத் தாங்கும் ரப்பர் பேரிங்கும் மண்நீரில் சீக்கிரம் தேயும். மழைக்காலத்தில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் உறிஞ்சுவாய் வடிகட்டியை அடைத்து எஞ்சின் சூடேறும். ஒரு வடிகட்டியைத் திறந்து கழுவும்போது மற்றது வேலைசெய்யும் இரட்டை அமைப்பு அவசியம். பிரிட்டிஷ் காலத்து ஆற்றுக்கப்பல் நிறுவனமான இர்ராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் பட்டறை டலா கரையிலேயே இருக்கிறது. தொழிலாளிக்குக் குறையில்லை, குறை உதிரிபாகத்தில்தான்.

அங்கேதான் பணக் கணக்கு இடிக்கிறது. உள்ளூர்க்காரருக்குக் கட்டணம் நெடுங்காலம் 100 கியாட் (மியன்மார் நாணயம்). வரவு கியாட்டில், எரிபொருளும் பாகமும் டாலர் விலையில். நன்கொடையில் படகு வந்துவிடும், டீசல் வராது. வேலைக்குப் போகும் ஏழைமேல் கட்டணத்தை ஏற்றுவது சரியல்ல. துறைக்கடை வாடகையையும் ஆண்டு மானியத்தையும் பராமரிப்புக்கென்று தனிக்கணக்கில் பூட்டிவைக்க வேண்டும். பொதுக் கணக்கில் கலந்தால் அது திரும்பி வராது.

தென்கொரியக் கடனில் 2019இல் தொடங்கிய டலா பாலம் வண்டிக்காரர்களுக்கு உதவும். நடந்து வருபவருக்குப் பன்சோடானே பக்கம். டலாவில் மோட்டார்சைக்கிள் உண்டு, நகரத்துக்குள் அதற்குத் தடை. ஆகவே டலா துறையில் கூரையுள்ள வண்டி நிறுத்தம் வேண்டும், பேருந்து நேரமும் படகு நேரத்தோடு பொருந்த வேண்டும்.

கடைசிப் படகு போனபின் வருபவர்கள் சம்பான் என்னும் சிறு மரப்படகில்தான் ஏறுகிறார்கள். மிதவைச் சட்டை கிடையாது, கப்பல் அலையில் கவிழக்கூடியது. இரவு ஷிப்டு முடிந்து வருபவர்களுக்காக அறுபது பேர் ஏறும் சிறுபடகு ஒன்றையாவது பெரிய படகுகள் நின்றபிறகும் ஓட்டியாக வேண்டும்.