‘ஐ5 கேட்டீங்க, ஐ5 குடுத்திருக்கோம்’: முதல் மடிக்கணினிக்கு ஆர்டர் கொடுப்போர் கவனத்திற்கு

இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் வரையுள்ள கடலோர ஊர்களில், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு முதல் மடிக்கணினிக்குப் பணம் புரட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் கடைக்குப் போவதற்கு முன் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ‘நீங்கள் கேட்கும் பாகங்களைப் போட்டு வரவழைத்துத் தருகிறோம்’ என்று ஆர்டர் பிடித்து, பெரிய அலுவலகங்களில் ஓடிக் கழித்த பழைய மடிக்கணினியைத் துடைத்துப் புதியது என்று கொடுக்கும் வேலை நம் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. என் அக்காள் குடும்பம் இதில் 38,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் அடுத்தவர்களுக்குப் பயன்படும்.

அக்காள் குடும்பம் தங்கச்சிமடத்தில் இருக்கிறது. மச்சான் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் முடிந்து, படகு கடலில் இறங்கிக் கையில் நாலு காசு சேர்வதற்குள் மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் கணினிப் பிரிவில் இடம் கிடைத்துவிட்டது. மகளிர் குழுவில் அக்காள் வாங்கிய கடனும், படகு முதலாளியிடம் மச்சான் வாங்கிய முன்பணமும் சேர்ந்ததுதான் அந்தத் தொகை. கடையில் கொடுத்த தாளில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘ஐ5, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, 14 இன்ச் எஃப்எச்டி, விண்டோஸ் 11, ஒரு வருட வாரண்டி.’ ஐ5 என்பது கணினியின் மூளையான பிராசசர், 16 ஜிபி என்பது வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகமான ரேம், எஸ்எஸ்டி என்பது கோப்புகளைச் சேமித்து வைக்கும் பாகம், எஃப்எச்டி என்பது திரையைப் பற்றியது. பில் கேட்டபோது, பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், எஸ்டிமேட் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். பணத்தில் ஒரு பகுதி கைபேசி வழியாகக் கடையின் கணக்குக்குப் போனது மட்டுமே இன்று எங்கள் கையில் இருக்கும் உறுதியான சான்று.

வந்த பெட்டி தயாரிப்பு நிறுவனத்தின் அச்சு எதுவும் இல்லாத பழுப்பு அட்டைப்பெட்டி. மேல்மூடி பளபளவென்றுதான் இருந்தது. அடிப்பக்கத்தில் திருகுகளின் தலை தேய்ந்து வெள்ளையாக இருந்தன. புதிய ஸ்டிக்கர் ஒன்றின் ஓரத்தில், அதற்கு முன்பு வேறொரு சீட்டு ஒட்டிப் பிய்த்ததன் பசைக்கோடு நீள்சதுரமாகத் தெரிந்தது. பெரிய நிறுவனங்கள் தம் உடைமைக்கு எண் போட்டு ஒட்டும் சீட்டின் தடம் அது என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

முதலில் கண்டுபிடித்தவள் அக்காளின் மகளான என் மருமகள்தான். பாடத்துக்கான மென்பொருளைத் திறந்ததும் விசிறி இரைந்து, திரை உறைந்து நின்றிருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “மாமா, இதுல கோர் ரெண்டுதான் காட்டுது, சரியா?” என்று கேட்டாள். கோர் என்பது பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவு. பிராசசரின் பெயர் ஐ5-7200யு என்று அதே பக்கத்தில் மேலே எழுதியிருந்தது.

அது இன்டெல் 2016-இல் வெளியிட்ட ஏழாம் தலைமுறை பிராசசர். இரண்டு கோர், நான்கு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலை. அடுத்த ஆண்டு வந்த எட்டாம் தலைமுறையின் ஐ5-8250யு-விலேயே கோர் நான்காகிவிட்டது. 2022-இல் வந்த ஐ5-1235யு-வில் பத்து கோர் இருக்கிறது. மூன்றின் பெயரும் ‘ஐ5’ தான். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறையைச் சொல்கிறது. 7200 என்றால் ஏழு, 1235 என்றால் பன்னிரண்டு. கடைசியில் வரும் யு என்ற எழுத்து மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கும் வகையையும், எச் என்பது வேகத்துக்காகக் கூடுதல் மின்சாரம் எடுக்கும் வகையையும் குறிக்கும். இந்த எண்ணையும் எழுத்தையும் விட்டுவிட்டு ‘ஐ5’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் தாளில், வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய எதுவுமே இல்லை.

இதில் இன்னொரு தீங்கும் இருக்கிறது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கும் ஆதரவுப் பட்டியலில் இன்டெல் பிராசசர்கள், ஒன்றிரண்டு விலக்குகளைத் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. 7200யு அதில் இல்லை. சோதனையைத் தாண்டும் குறுக்குவழியில் கடைக்காரர் விண்டோஸ் 11-ஐ ஏற்றியிருக்கிறார். அப்படி ஏற்றிய கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட்கள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம் என்றால், அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நான்கு ஆண்டுப் படிப்புக்கு என்று வாங்கிய கருவி வாங்கிய அன்றே காலாவதியாக இருந்தது என்பதை அக்காளிடம் எடுத்துச் சொல்வது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது.

எஸ்எஸ்டி 512 ஜிபிதான். ஆனால் அது பழைய சாட்டா வகை. சாட்டா எஸ்எஸ்டி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வரைதான் படிக்கும். என்விஎம்இ என்ற அதைவிட வேகமான புதிய வகையில் நல்லது ஒன்று, மூன்றாம் தலைமுறை இணைப்பிலேயே 3,500 வரை போகும். வேகத்தைவிட எங்களை அதிர வைத்தது வேறு. க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. எஸ்எஸ்டி தன் ஆயுளில் எத்தனை மணி நேரம் மின்சாரத்தில் இருந்தது என்று தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் கணக்கை அது எடுத்துக் காட்டும். ‘புதிய’ மடிக்கணினியில் அந்த எண் 11,000-ஐத் தாண்டி இருந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால், ஒரு நாளும் ஓய்வில்லாமல் ஓடினாலும் மூன்றே முக்கால் ஆண்டு ஆகிறது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருக்கும் கோப்புகள்தான் போகும். இந்தக் கணக்கு போகாது.

பேட்டரியின் கதையும் இதுதான். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையோடு பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்துக் கொடுத்தால் (powercfg /batteryreport) விண்டோஸ் ஒரு அறிக்கையைத் தயாரித்துத் தரும். தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவு 46,000 மில்லிவாட் மணி என்றும், இப்போது முழுச் சார்ஜில் நிற்பது 27,000 என்றும் அது சொன்னது. அடிப்பக்கத்தில் இருந்த சீரியல் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டதும் நிறுவனத்தின் வாரண்டி 2020-லேயே முடிந்திருப்பது தெரிந்தது. கடைக்காரர் சொன்ன ‘ஒரு வருட வாரண்டி’ அவருடைய ரப்பர் முத்திரையைத் தவிர வேறில்லை. குறை சொல்ல முடியாமல் இருந்தது ரேம் மட்டும்தான்.

கடையில் போய்க் கேட்டபோது வந்த பதில் இது: “அண்ணே, நீங்க ஐ5 கேட்டீங்க, ஐ5 குடுத்திருக்கோம். 512 கேட்டீங்க, 512 இருக்கு. இதுல நாங்க என்ன ஏமாத்துனோம்?” மச்சானால் ஒன்றும் பேச முடியவில்லை. தாளில் இருந்த ஒவ்வொரு சொல்லும் கடைக்காரருக்குச் சாதகமாகவே எழுதப்பட்டிருந்தது. தற்செயலாக அப்படி அமைந்தது என்று நான் நம்பவில்லை. பயன்படுத்திய மடிக்கணினியைப் பயன்படுத்தியது என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்பதில் குற்றமே இல்லை; வசதி குறைந்த பல பிள்ளைகள் அப்படி வாங்கியதில்தான் படித்து முடிக்கிறார்கள். இங்கே நடந்தது அதுவல்ல.

படகுக்கு இன்ஜின் வாங்கும்போது மச்சான் ‘ஒரு இன்ஜின்’ என்று வாங்குவதில்லை. எத்தனை குதிரைத்திறன், எந்த மாடல், எந்த ஆண்டு, இன்ஜின் எண் என்ன என்று எல்லாவற்றையும் பில்லில் ஏற்றிய பிறகுதான் பணத்தை எண்ணிக் கொடுப்பார். மடிக்கணினிக்கும் அதே கண்டிப்பு வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, பிராசசரின் முழு எண், ரேம் எத்தனை ஜிபி, எந்த வகை, தனியாகக் கழற்றி மாட்டக்கூடியதா போர்டிலேயே பற்றவைத்ததா, எஸ்எஸ்டி என்விஎம்இ வகையா, திரையின் வகை, மடிக்கணினியின் முழு மாடல் எண், புதியது என்ற சொல், இவை அத்தனையையும் ஆர்டர் தாளில் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசசர் என்றால் வேறு வகையில் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் ஒரே வரிசை போலத் தோன்றும். அந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்கட்டமைப்பு எந்தக் காலத்தியது என்பதைச் சொல்கிறது. 7520-இல் இருப்பது பழைய ஜென் 2, நான்கு கோர். 7530-இல் ஜென் 3, ஆறு கோர். ஒரே ஒரு இலக்கத்தில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. இன்டெல்லும் 2023 இறுதியிலிருந்து புதியவற்றுக்கு ‘ஐ’ எழுத்தை விட்டுவிட்டு, கோர் அல்ட்ரா 5 என்பது போன்ற பெயர்களுக்கு மாறியிருக்கிறது.

பணம் அளவோடு இருக்கும்போது எதற்கு முன்னுரிமை என்று பலர் கேட்கிறார்கள். பின்னால் மாற்ற முடியாதவற்றில் பணத்தைப் போடுங்கள் என்பதே என் கருத்து. பிராசசரை மாற்ற முடியாது. திரையை மாற்றுவது செலவு பிடித்த வேலை. எஸ்எஸ்டியைப் பெரும்பாலான மடிக்கணினிகளில் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம். ரேமைப் பொறுத்தவரை, எல்பிடிடிஆர் என்று தொடங்கும் வகை பெரும்பாலும் போர்டோடு பற்றவைத்தே வரும். அப்படியானால் 8 ஜிபியில் வாங்கிவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை, முதலிலேயே 16 வாங்கிவிட வேண்டும். கழற்றி மாட்டும் வகையில் ஒரே ரேம் அட்டைக்குப் பதில் இரண்டாகப் போட்டால், தரவு ஒரே நேரத்தில் இரண்டு வழியில் போகும் இரட்டைச் சேனலில் ஓடும். திரைப்படக் காட்சிக்கென்று தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லாத மடிக்கணினிகளில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

திரையில் ‘எஃப்எச்டி’ என்பது 1920-க்கு 1080 என்ற புள்ளிக்கணக்கை மட்டுமே சொல்லும். எங்களுக்கு வந்தது அந்தக் கணக்குக்குச் சரியான டிஎன் வகைத் திரை. சற்று மேலிருந்து பார்த்தால் வெளுத்தும், கீழிருந்து பார்த்தால் கறுத்தும் போகிறது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகை என்று தாளில் எழுதி வாங்கியிருந்தால் இந்த டிஎன் திரையைக் கொடுத்திருக்க முடியாது.

நம் கரைக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் உப்புக்காற்று சன்னல் கொக்கியையே தின்றுவிடுகிறது. மடிக்கணினியின் விசிறி அதே காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. சார்ஜ் துளையிலும் யுஎஸ்பி முனையிலும் துரு பிடித்தால், ஈரத்தால் வந்த கேடு என்று சொல்லி வாரண்டியில் ஏற்க மறுக்க வாய்ப்புண்டு. ஆகவே, வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டி நம் ஊர்ப் பின்கோடுக்குக் கிடைக்குமா என்று நிறுவனத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பழுதுக்கும் மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கும்.

கடைக்காரர் பணத்தைத் திருப்ப மறுத்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். பதிவு அஞ்சலில் அறிவிப்பும் அனுப்பினோம். பழையதற்கு மாற்றாக இன்னொரு ‘ஐ5’ தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டு, இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47), பழைய பொருளைப் புதியது என்று காட்டுவதையும், பில் கொடுக்காமல் விடுவதையும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். ‘பில் இல்லையே, இனி என்ன செய்வது’ என்று விட்டுவிட வேண்டாம். எஸ்டிமேட் தாளும், கைபேசியில் பணம் போன பதிவும், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலும் சான்றுகளே.

இதே பழுப்புப் பெட்டியில் உங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்திருந்தால், டாஸ்க் மேனேஜர், எஸ்எஸ்டியின் மணிக்கணக்கு, பேட்டரி அறிக்கை, சீரியல் எண் வாரண்டி ஆகிய நான்கையும் இன்றே தேதியோடு படமெடுத்து வையுங்கள். ‘கொண்டு வாங்க, செக் பண்ணித் தர்றோம்’ என்று கடையிலிருந்து அழைப்பு வந்தால், மடிக்கணினியின் சீரியல் எண்ணும் எஸ்எஸ்டியின் சீரியல் எண்ணும் எழுதிக் கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் அதைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியை மாற்றிவிட்டால் 11,000 மணி நேரத்துக்கு வேறு சாட்சி கிடையாது.